முகவரி கேட்காமல்

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜூன் மாதம் இந்த ஊரை விட்டுப் போகிறேன். போன பிறகு யாராவது 'கன்சாஸ் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'குளிர்' என்பதற்கு மேல் எனக்கு ஏதாவது சொல்லத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இன்று முதல் எழுதுகிறேன்.

பிற்காலத்தில் மறந்துவிடாமல் இருக்க அடிப்படைச் செய்திகள்: நான் பிரமநாயகி, குழந்தை மருத்துவர். பாளையங்கோட்டையில் படித்து, ஓஹையோவில் மேற்பயிற்சி முடித்தவள். பயிற்சி விசாவில் வந்த மருத்துவர், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். திரும்ப விருப்பமில்லை என்றால், உள்ளூர் மருத்துவர்கள் எட்டிப் பார்க்காத ஏதாவது ஓர் ஊரில் மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். அப்படி எனக்கு வாய்த்த ஊர் கிரேவன் க்ரீக். கோதுமை, மாடு, ஒரு பெரிய மாட்டிறைச்சி ஆலை, அப்புறம் நான். காரில் இரண்டு மணி நேரம் எந்தத் திசையில் போனாலும் வேறு குழந்தை மருத்துவர் கிடையாது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

என் கணவர் கைலாசம் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். ஜூனில் என் மூன்று வருஷம் முடிகிறது; அங்கே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையும் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவோம். இன்று அவருக்கு அலுவலக வேலை. நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கைலாசம் வார நடுவிலேயே கூப்பிட்டார். எனக்கு ஆச்சரியம். விஷயம் என்னவென்றால் அவருடைய நிறுவனம் ஒரு செயலி செய்திருக்கிறது. அம்மாக்கள் குழந்தையின் படத்தையும் நோய் அறிகுறிகளையும் எந்த மொழியில் அனுப்பினாலும், அது புரிந்துகொண்டு, 'இது சாதாரணம்', 'இது அவசரம்' என்று பிரித்து மருத்துவருக்குத் தருமாம். சோதனைக்குச் சின்ன ஊர் ஒன்று தேவை.

"ஒன் கிளினிக்குல வச்சுப் பாப்போமா? நல்லா வேலை செய்யுதுட்டி."

"குழந்தையக் கையில தூக்கிப் பாக்காம ஒரு மெஷினு என்னத்தப் பாக்கும்?"

"ஒங்கிட்ட வாரவங்களுக்கு நீ இருக்க, பிரமு. வராதவங்களுக்கு யாரு இருக்கா?"

நல்ல கேள்விதான். அவரிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "யாரு எங்கருந்து அனுப்புதாங்கன்னு அது சேத்து வைக்குமா? இங்க பாதிப் பேருக்கு சரியான காகிதம் கிடையாது."

"ஊர்ப் பேரத் தாண்டி எதுவும் நிக்காது. நாந்தானே எழுதுனேன்."

ஒத்துக்கொண்டேன். பிறகு அவர், "ஜூன்ல வருவேல்லா?" என்று கேட்டார். வருவேன் என்று தெரிந்ததுதானே, அதில் கேட்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 19, புதன்

தட்டம்மை.

வேட் என்கிற மாட்டுப் பண்ணைக்காரர் தன் மூத்த மகன் ரைடரைக் கொண்டுவந்தார். ஒன்பது வயது. காய்ச்சல், சிவந்த கண், மூக்கொழுகல். ஃப்ளூ என்று நினைத்துத்தான் வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உட்புறம் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பாளையங்கோட்டை வார்டில் எத்தனையோ பார்த்தவள் நான். என் தலைமை நர்ஸ் டார்லீன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். (இங்கே எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ஆனால் என் காதில் டார்லீன் எங்கள் தெரு அக்கா மாதிரியே கேட்பதால் அப்படியே எழுதுகிறேன்.)

"இம்புட்டு வருச சர்வீஸ்ல இத நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன், டாக்டரம்மா."

பையனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை. தம்பிக்கும் போடவில்லை. நான் வேட்டிடம் கேட்டேன்: "உங்க கன்னுக்குட்டிக்கெல்லாம் ஊசி போடுதீங்கள்லா?" வசமாக மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "கன்னுக்குட்டி நாளைக்கு எங்கிட்ட வந்து, ஏன் இப்பிடிப் பண்ணினேன்னு கேக்காது, டாக்டர். இவனுக்கு ஆறு மாசத்துல வேற ஒரு ஊசி போட்டோம். அன்னைக்கே ஜன்னி வந்துச்சு. அப்ப இருந்த டாக்டர் சிரிச்சுக்கிட்டே, இதெல்லாம் சகஜம்னாரு. எம் பொண்டாட்டி காருக்குள்ள உக்காந்து அழுதா. அதோட விட்டுட்டோம்."

பதில் சொல்ல எனக்குத் தெரிந்த புள்ளிவிவரங்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லருந்து சொல்லுங்க" என்றேன். அரை மணி நேரம் சொன்னார். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 23, ஞாயிறு

கைலாசத்துக்கு இன்றும் வேலை. எனக்கும்தான்.

மார்ச் 4, செவ்வாய்

பரவுகிறது. பள்ளியில், தேவாலயத்தில், கடைசியாக ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில். பரவும் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். தயாராக இல்லாதது வேறொன்று: நோய் கூடக்கூட என் காத்திருப்பு அறை காலியாகிறது.

காரணத்தை எலேனா சொன்னாள். குவாத்தமாலாக்காரி, ஆலையில் இறைச்சி வெட்டும் வரிசையில் வேலை. மூத்தவளுக்கு ஆஸ்துமா என்பதால் இரண்டு வருஷமாக என்னிடம் வருகிறாள். இன்று மருந்துச் சீட்டு வாங்க மட்டும் வந்து, உட்காரக்கூட இல்லை.

"ஆலை வாசல்ல வெள்ளை வேன் நின்னுச்சு, டாக்டர். காகிதம் இல்லாதவங்களப் பிடிக்க வந்த குடியேற்ற அதிகாரிங்கன்னு சொல்றாங்க. மருத்துவமனைக்கும் வருவாங்களாம். நாங்க வீடு மாறிட்டோம்."

"எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கேட்டதை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன். "குட்டிப் பையன் மத்தேயோ எப்படி இருக்கான்?" என்றேன். எட்டு மாதக் குழந்தை. முதல் தடுப்பூசிக்கான வயது இன்னும் ஆகவில்லை. நன்றாக இருக்கிறான் என்றாள்.

வேனில் வந்தது யார் என்று டார்லீன் விசாரித்தாள். கூரை பழுது பார்ப்பவர்களாம். அதை இப்போது யாரிடம் போய்ச் சொன்னால் நம்புவார்கள்?

ஆனால் செயலிக்குச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஸ்பானிஷில், சோமாலியில், எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு மலைமொழியில். யாரை வீட்டிலேயே வைத்திருக்கலாம், யார் வந்தே ஆக வேண்டும் என்று அது பிரிப்பதில் பெரிய பிழை இல்லை. கைலாசத்திடம் சொன்னால் தலைகால் புரியாது. சொன்னேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

மார்ச் 6, வியாழன்

மாவட்ட ஆட்சிக் குழுக் கூட்டம். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருப்பதை எங்கள் ஊர் பள்ளி விளையாட்டரங்கத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் கத்தியது. ஊசி போடாத பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாதே என்று ஒரு சாரார். உடம்பு எங்களுடையது, அரசாங்கம் தலையிடாதே என்று இன்னொரு சாரார். நோயைக் கொண்டுவந்ததே வெளியாட்கள்தான், மருத்துவமனையில் எல்லாரிடமும் குடியுரிமைச் சான்று கேள் என்று ஓர் உறுப்பினர். அவரைத் தவறாகச் சொல்ல மாட்டேன். அவர் பேத்தி காய்ச்சலில் கிடக்கிறாள், யார்மீதாவது கோபப்பட வேண்டியிருக்கிறது.

வேட் எழுந்து ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "எம் பிள்ளைங்க பேரு எந்த சர்க்கார் கம்ப்யூட்டர்லயும் ஏறக்கூடாது. அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. எலேனா சொன்னதும் இதுவேதான். அரசியலில் இருவரும் எதிரெதிர்த் துருவம். ஆனால் சட்டையில் அரசாங்கச் சின்னம் தெரிய யாரோ வாசலில் வந்து கதவைத் தட்டுவது இருவருக்குமே ஒரே கெட்ட கனவு.

என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து அதைச் சொன்னேன். "நானும் விசாவுல இருக்கவதான். என் பேரு எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கு. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால சொல்லுதேன்: சனிக்கிழமை தோறும் ஊசி போடுவோம். முகவரி கேக்க மாட்டோம். ஊசி அட்டை உங்க கையிலதான் இருக்கும். செயலியில படம் அனுப்பினாலும் நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்கும் தெரியாது. வேணாம்னு சொல்லுதவங்களும் வாங்க, உக்காந்து பேசுவோம். நான் சிரிக்க மாட்டேன்."

கைதட்டல் பலமாக இல்லை. ஆனால் முகவரியோ சான்றோ கேட்காமல் ஊசி போடலாம் என்ற தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 15, சனி

ஊசி போட்டுப் போட்டுக் கட்டைவிரல் மரத்துவிட்டது. வரிசை கார் நிறுத்துமிடம் வரை போனது. எலேனா மூத்த மகளோடு வந்தாள். மத்தேயோவைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாளாம். வேட் வரவில்லை. ரைடர் நிமோனியா வந்து, இப்போது தேறிக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் சாதம் வடிக்கும்போது செயலி அலறியது. அவசரம் என்ற சிவப்புக் குறி. படத்தில் மத்தேயோ. உடம்பெல்லாம் தடிப்பு, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது. கீழே ஸ்பானிஷில் இரண்டு வரி: பால் குடிக்கவில்லை, உதடு நிறம் மாறுகிறது.

எலேனாவின் பழைய எண் வேலை செய்யவில்லை. அதே நேரம் கைலாசத்தின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு. நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே கணினியைத் திறந்தார். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"பிரமு, அந்த வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது. சொல்லட்டுமா?"

"எப்படித் தெரியுது? ஊர்ப் பேரத் தாண்டி நிக்காதுன்னு சொன்னீங்களே?"

"நானும் இப்பதாம் பாக்கேன். நான் எழுதுனது இது இல்ல. யாரோ பின்னால சேத்திருக்காங்க. அத அப்புறம் பேசுவோம். இப்பம் சொல்லட்டுமா?"

ஊர் முழுவதற்கும் முன்னால் நின்று நான் கொடுத்த வார்த்தை. கேட்காமல் அவள் வாசலில் போய் நின்றால், இந்தக் குழந்தை பிழைக்கும். அடுத்த குழந்தையின் படம் எனக்கு வரவே வராது.

"சொல்லாதீங்க. லைன்லயே இருங்க" என்றேன்.

செயலியில் என் அரைகுறை ஸ்பானிஷில் குரல் பதிந்து அனுப்பினேன்: எலேனா, நான் டாக்டர் பிரமநாயகி. நான் தனியாக வருகிறேன். ஆக்ஸிஜன் கொண்டுவருகிறேன். எங்கே வரட்டும் என்று நீயே சொல். காரில் ஏறி, சிலிண்டரை எடுக்க கிளினிக்கை நோக்கி ஓட்டினேன். பதில் இல்லை. கைலாசம் மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் மட்டும். ஒரு தடவை, "பிரமு..." என்றார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது பதில் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீலக் கதவு.

வீட்டுக்குள் ஐந்து குடும்பம். எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்கள். முகமூடியை வைத்ததும் உதடு மெல்ல நிறம் திரும்பியது. ஆம்புலன்ஸ் என்றதும் எலேனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சீருடைக்காரர்கள் வருவார்களே! "நான் உன்கூடவே வாரேன். உன் பேரை யாராவது கேட்டால் நான் பதில் சொல்லுதேன்" என்றேன். அப்படியே விச்சிட்டா நகரம் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

இப்போது அங்குள்ள பெரிய மருத்துவமனையின் உணவகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தேயோ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். மூச்சு சீராகிவிட்டது. பிழைப்பான்.

அந்தப் பதில் வராமல் இருந்திருந்தால் நான் கைலாசத்திடம் கேட்டிருப்பேனா? இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மார்ச் 20, வியாழன்

கைலாசம் முழுவதும் விசாரித்துவிட்டார். படம் அனுப்புகிறவர்கள் இருக்கும் இடத்தையெல்லாம் நிறுவனம் சேமிக்கிறது. நிபந்தனைகளில் எங்கோ ஒரு மூலையில் எழுதியும் இருக்கிறதாம். அந்தத் தகவலை வாங்க ஆள் இருக்கிறது. யார் என்று மேலதிகாரி சொல்லவில்லை. 'எல்லாம் சட்டப்படிதான்' என்றாராம்.

"நிறுத்தச் சொன்னேன். பாக்கலாம்னாரு. பாக்கலாம்னா நடக்காதுன்னு அர்த்தம்."

அவர் இவ்வளவு சோர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அந்தச் செயலி அவருக்குப் பிள்ளை மாதிரி. அதனால் உயிர் பிழைத்ததும் உண்மை. நான் மறுக்க மாட்டேன். நல்ல கருவிதான். இருந்தாலும் நான் ஊருக்குக் கொடுத்த வாக்கு இப்போது பொய்யாகிவிட்டது.

"நான் கிளினிக்குல நிறுத்திருவேன். ஏன் நிறுத்துனேன்னு ஊர் கேக்கும். சொன்னா, தகவல் எங்கருந்து வந்துச்சுன்னு ஒங்க ஆபீஸ்ல ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாங்க."

அவருடைய விசாவும் வேலையோடு ஒட்டியதுதான். வேலை போனால் இரண்டு மாத அவகாசம், அதற்குள் வேறு வழி இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். இருவருக்கும் இது தெரியும்.

"சொல்லு, பிரமு. நான் சொன்ன வார்த்தையும் அதுல கெடக்குல்லா."

மார்ச் 25, செவ்வாய்

ஆட்சிக் குழுவில் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். யாராவது எழுந்து திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சான்று கேட்கச் சொன்ன அதே உறுப்பினர்தான் முதலில் பேசினார்: "எம் பேத்தி படத்தையும் அனுப்பியிருக்கோம். அப்ப எங்க வீடும் எவங்கையிலயோ இருக்கா?" இருக்கிறது என்றேன். சேமித்ததை அழிக்கச் சொல்லி மாவட்ட வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். இந்த முறை எதிர்ப்பே இல்லை.

செயலிக்குப் பதிலாக ஒரு சாதாரணத் தொலைபேசி வைத்திருக்கிறோம். டார்லீன் எடுக்கிறாள். இரண்டு பெண்கள் மொழிபெயர்க்கிறார்கள். மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனாலும் அழைக்கிறார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கைலாசத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். முட்டாள்கள் தினம் என்பதால் முதலில் நம்பவில்லை.

ஏப்ரல் 5, சனி

வேட் இளையவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டம்மைக்குப் பிறகு ரைடருக்கு ஒரு காது கேட்கவில்லை. திரும்ப வாய்ப்பில்லை என்று நிபுணர் சொல்லிவிட்டார். வேட் அழவில்லை, யார் மீதும் பழி போடவுமில்லை. "இவனுக்குப் போடுங்க. ஒரு மணி நேரம் இங்கயே உக்காந்துக்கிடுதேன்" என்றார். நானும் கூடவே உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். ஜன்னி வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கைலாசம் வேலை தேடுகிறார். எல்லா இடத்திலும் 'விசா உள்ளவர்களை இப்போது எடுப்பதில்லை' என்கிறார்கள். வக்கீல் ஒரு வழி சொன்னாராம்: மனைவியின் விசாவைச் சார்ந்தவராக மாறலாம். ஆனால் அதற்கு என் விசா தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும். அந்த விசாவில் அவர் வேலை செய்யவும் கூடாது.

"ஒனக்கு இங்க குழந்தைகள் ஆஸ்பத்திரி வேலை காத்திருக்கு. நீ ஜூன்ல இங்க வந்துரு" என்றார்.

அந்த வேலையை நான் போன மாதமே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இங்கே தட்டம்மை முடியவில்லை, அந்த நேரத்தில் போவது சரியில்லை என்பதால்தான். அவரிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. இன்று சொன்னேன்.

பிறகு கேட்டார்: "அங்க கறிவேப்பிலை கிடைக்குமா?"

"கிடைக்காது."

"சரி."

சரி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். அதைக் காட்டி வக்கீல் கைலாசத்தின் விசா விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டார். டார்லீன் கேக் வாங்கி வைத்திருந்தாள். "எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். எப்படித் தெரியும்? எனக்கே போன வாரம்தான் தெரியும்.

மத்தேயோ தவழ்கிறான். எலேனா அவன் பெயரை என் குறிப்பேட்டில் முழுதாக எழுதச் சொன்னாள், அப்பா பெயர், அம்மா பெயர், பாட்டி பெயர் சேர்த்து. முகவரி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

மே 30, வெள்ளி

புதிதாகத் தட்டம்மை நோயாளி வந்து பல வாரங்கள் ஆகின்றன. மாநிலம் இன்று கிரேவன் க்ரீக்கில் தொற்று முடிந்ததாக அறிவித்தது.

மாலை கடைசி நோயாளியைப் பார்க்கக் கதவைத் திறந்தால், காத்திருப்பு அறையில், குழந்தைகளுக்கான சின்ன நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க கைலாசம். கலிபோர்னியாவிலிருந்து காரிலேயே வந்திருக்கிறார். நாளைதான் வருவதாகச் சொல்லியிருந்தார். இளைத்திருந்தார். டார்லீன் அவரை விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இவருக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சான்னு தெரியலையாம். அம்மாகிட்டதான் கேக்கணுமாம். நாப்பது வயசுல!"

உள்ளே கூப்பிட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி என்றால் அவருக்குப் பயம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"மெதுவாட்டி."

"ஆடாதீங்க."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"பிரமு, நான் வந்ததுல ஒனக்கு சம்மதந்தானே?"

"அடுத்த ஊசி ஒரு மாசம் கழிச்சு" என்றேன். "இங்கதான் போட்டுக்கிடணும்."